இரத்ததானமும் முதல் அச்சமும்



இரத்ததானத்தின் பெருமையைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அஃது உயிர் காக்கும் அறம் என்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும், வருகின்ற ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பாடசாலையில் இரத்ததான முகாம் நடைபெறும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தல் கேட்கும்போது, "நல்ல காரியம், நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேறு அலுவலை நினைத்துக் கொள்கிறவர் நம்மிற் பலர். அவர்களை அவ்வாறு விலகச் செய்வது உலோபமன்று, இரக்கமின்மையுமன்று. பெரும்பாலும் அஃது அச்சமே. அந்த அச்சத்தைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன். அஃது எவ்வாறு பிறக்கின்றது, உடலில் என்ன செய்கின்றது, அதனை வைத்துக்கொண்டே ஒருவர் எவ்வாறு இரத்தங் கொடுக்கலாம் என்பனவே என் பேச்சின் பொருள்.

நான் வைத்தியனல்லன். கலைத்துறையிற் பட்டம் பெற்று, ஆசிரியனாகிப் பின்னர் அதிபராகக் கடமையாற்றி வருபவன். இப்பொருளைப் பற்றிப் பேசுதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே. முப்பது ஆண்டுக் காலம் இந்த அச்சத்தை நெஞ்சிலே வைத்து, வெளியே தெரியாமற் காத்து வந்தவன் நான்.

1993ஆம் ஆண்டு எனக்கு 22 வயது. என் தமக்கையார் முதற் பிரசவத்துக்காக வைத்தியசாலை ஒன்றிற் சேர்க்கப்பட்டிருந்தார். பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. கிழக்கிலே பாதைகள் அடிக்கடி அடைபட்டுக் கிடந்த காலம் அது. இரத்தம் உடனே வேண்டும், வந்திருக்கும் உறவினர் கொடுக்க முன்வாருங்கள் என்று தாதி ஒருவர் விறாந்தைக்கு வந்து சொன்னார். நாங்கள் நால்வர் வரிசையில் நின்றோம். நான் மூன்றாவது ஆள். திறந்திருந்த கதவினூடாக, முன்னே சென்றவரின் கையில் ஊசி ஏற்றப்படுவதைக் கண்டேன். கண் இருண்டது, உள்ளங்கை குளிர்ந்தது. "எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கிவருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். திரும்பி வர ஒரு மணி நேரமாயிற்று.

நான் வந்தபோது வேண்டிய இரத்தம் கிடைத்துவிட்டது. என் இடத்தை நிரப்பியவர், வேறொரு நோயாளியைப் பார்க்க வந்திருந்த லொறி உதவியாளர் ஒருவர். அவர் பெயரைக் கூட எங்களில் எவரும் கேட்டு வைக்கவில்லை. தமக்கையார் பிழைத்தார். "எங்கே போயிருந்தாய்?" என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டிருந்தால் ஒருவேளை என் மனம் ஆறியிருக்கும்.

அதன்பின் நான் கற்பித்த பாடசாலைகளில் இரத்ததான முகாம்கள் பலவற்றை முன்னின்று ஒழுங்கு செய்தேன். மேசை, கதிரை, குடிநீர், பெற்றோருக்குக் கடிதம், பழைய மாணவருக்கு அழைப்பு எல்லாம் என் பொறுப்பு. வரவேற்புரையும் நானே நிகழ்த்துவேன். கட்டில்கள் இடப்பட்டிருக்கும் மண்டபத்தினுள் மட்டும் நான் நெடுநேரம் நிற்பதில்லை. அதிபருக்கு அலுவல்கள் பல என்று எல்லாரும் எண்ணிக்கொண்டனர்.

நேயர்களே, இதனை நான் சொல்வது பழம் பிழைக்குக் கழுவாய் தேடுவதற்கன்று. உங்களுள்ளும் என்னைப் போன்றவர் பலர் இருப்பர் என்பதனாலேயே சொல்கிறேன். இனி, அன்று விறாந்தையில் என் உடலில் நிகழ்ந்தது யாது என்பதைப் பார்ப்போம்.

வழியிலே பாம்பைக் கண்ட ஒருவனுக்கு இதயம் விரைந்து துடிக்கிறது, குருதியமுக்கம் உயர்கிறது, கைகால்களுக்கு மிகுதியாக இரத்தம் பாய்கிறது. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் முறை இது. ஆகவே பாம்பைக் கண்டு ஓடுபவரே பெரும்பாலார். மயங்கி விழுபவர் அரியர். ஆனால் ஊசியையும் இரத்தத்தையும் கண்டு அஞ்சுவோரிற் பலருக்கு இதற்கு மாறான இரண்டாம் கட்டம் ஒன்று நிகழ்கிறது. முதலில் உயர்ந்த துடிப்பும் அமுக்கமும் சடுதியிற் கீழிறங்குகின்றன. மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகசு நரம்பு இதயத்தைத் தளர்த்துகிறது. அதே வேளையிற் கால்களிலுள்ள குருதிக் கலன்கள் விரிகின்றன. இரத்தம் கீழே தங்குகிறது. மூளைக்கு ஏறும் இரத்தம் சிறிது நேரம் குறைகிறது. கண் இருளுதல், காதில் இரைச்சல், குளிர்ந்த வியர்வை, கொட்டாவி, வயிற்றைப் புரட்டுதல் ஆகியன இதன் அடையாளங்கள். இன்னுஞ் சிறிது குறைந்தால் மயக்கம் வரும்.

மயங்கி விழுந்தவரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால், கீழே தங்கிய இரத்தம் மீண்டும் தலைக்கு வருகிறது; சில கணங்களிற் கண் விழித்து விடுகிறார். ஆகவே இம்மயக்கம் பொதுவாக நோயன்று; அதனால் வரும் கேடு விழும்போது தலையிலோ உடலிலோ அடிபடுவதேயாம். படுத்திருப்பவர் விழுவதற்கு இடமில்லையாதலால், இரத்தங் கொடுப்போரைக் கட்டிலிலோ சாய்ந்த நாற்காலியிலோ கிடத்துகின்றனர். இன்னுமொன்று: இவ்வியல்பு சில குடும்பங்களில் வழிவழியாகவும் காணப்படுகிறது. உயரத்திலே ஏறி வேலை செய்யும் துணிவுடையவரும் ஊசியைக் கண்டு மயங்குவதுண்டு. வீரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதனை நான் 22 வயதில் அறிந்திருந்தேனாயின், என்னைக் கோழை என்று நானே முத்திரை குத்தியிருக்கமாட்டேன். விறாந்தையை விட்டு ஓடாமல், "எனக்குத் தலை சுற்றுகிறது, படுத்துக்கொள்ள இடந் தாருங்கள்" என்று சொல்லியிருப்பேன்.

இனி மற்றை அச்சங்களை எடுத்துக்கொள்வோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். விளக்கை ஏற்றிப் பார்த்தாற் பேய் எது, மரம் எது என்பது தெரிந்துவிடும்.

இரத்தம் கொடுத்தால் உடல் தளர்ந்துவிடும், முன்போல் உழைக்க முடியாது என்பது நம்மவரிடையே ஆழ வேரூன்றிய அச்சம். 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவரின் உடலில் ஏறத்தாழ நாலரை லீற்றர் இரத்தம் உண்டு. அவரிடமிருந்து பெறப்படுவது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர், அதாவது பத்தில் ஒரு பங்கு. அதிலுள்ள நீர்ப்பகுதியை உடல் ஓரிரு நாட்களில் மீண்டும் நிரப்பிக்கொள்கிறது. செங்குழியங்கள் நிரம்புவதற்குச் சில வாரங்கள் செல்லும். நாம் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்களேயாம். முதிர்ந்தவை அழிய, அவற்றுக்கு ஈடாக எலும்பு மச்சை ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் புதிய செங்குழியங்களை ஆக்கிக்கொண்டேயிருக்கிறது. ஊற்றுள்ள கிணற்றில் இரண்டு வாளி அள்ளியதால் கிணறு வற்றுவதில்லை. ஆயினும் ஊற்றுக்கு அவகாசம் கொடுத்தல் வேண்டும். இரும்புச் சத்து மீள்வதற்குக் கூடுதலான காலம் செல்லும். ஆதலால் நம் நாட்டில் ஒரு தானத்துக்கும் அடுத்த தானத்துக்கும் இடையே 4 மாதங்கள் கழிதல் வேண்டும் என்று விதித்துள்ளனர்.

இரத்தம் கொடுக்கப் போய் நோயை வாங்கி வருவோமோ என்பது இன்னோர் அச்சம். ஊசியும் குழாயும் பையும் ஒன்றாக இணைந்த, கிருமி நீக்கி மூடப்பட்ட புதிய தொகுதியாகவே வருகின்றன. நம் கண்முன்னே உறை பிரிக்கப்பட்டு, நம் ஒருவருக்கே பயன்பட்டு, ஊசி பின்னர் அழிக்கப்படுகிறது. ஒருவருக்கு ஏற்றிய ஊசி மற்றொருவருக்கு ஏற்றப்படுவதில்லை. ஆகவே கொடுப்பதனால் நோய் தொற்றுவதற்கு வழியில்லை. பெறுபவருக்குத் தீங்கு நேராதிருத்தற் பொருட்டு, கொடுக்கப்பட்ட இரத்தம் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, ஈரல் அழற்சி சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகிறது.

இவ்வொழுங்குகள் ஒரே நாளில் வந்தவையல்ல. 1667ஆம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர் ஜீன் பப்ரிஸ்த் தெனி ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார். விளைவு விபரீதமாக முடியவே, சில ஆண்டுகளுள் அந்நாட்டில் அம்முயற்சியே தடைசெய்யப்பட்டது. பின்னர் மனித இரத்தத்தையே மனிதருக்கு ஏற்றியபோதும், சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர், காரணம் விளங்கவில்லை. 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரிலிருந்த கார்ல் லாந்துசுத்தைனர் என்ற அறிஞர், மனித இரத்தம் யாவும் ஒரே இனமல்ல, அதிற் பிரிவுகள் உள என்று எடுத்துக் காட்டினார். பொருந்தும் பிரிவை அறிந்து ஏற்றும் வழி அதனால் திறந்தது. 1930ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அவர் பிறந்த யூன் 14ஆம் நாளே 2004ஆம் ஆண்டு முதல் உலக இரத்ததானிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1914, 1915ஆம் ஆண்டுகளில், சோடியஞ் சித்திரேற்று என்னும் உப்பைக் கலந்தால் வெளியே எடுத்த இரத்தம் உறையாதிருக்கும் என்பது கண்டறியப்பட்டு வழக்கத்துக்கு வந்தது. இரத்தத்தைச் சேமித்து வைக்க முடிந்தது அதன் பின்னரே.

ஆயினும், எத்துணை அறிவு வளர்ந்தும், இரத்தத்தை ஆலையிலே செய்து போத்தலில் அடைக்கும் வழி இன்றுவரை நம் வைத்தியசாலைகளுக்கு வந்து சேரவில்லை. மனிதர் கொடுத்தாலன்றி இரத்தம் இல்லை. 1921ஆம் ஆண்டில் இலண்டன் நகரில், பேர்சி ஒலிவர் என்பார் செஞ்சிலுவைச் சங்கக் கிளையொன்றின் செயலாளராக இருந்தார். வைத்தியசாலை ஒன்றிலிருந்து இரத்தங் கொடுப்பாரை வேண்டி அவசர அழைப்பு வந்தது. அவரும் அவருடைய தோழர் சிலரும் சென்றனர். அவர்களுள் ஒருவரின் இரத்தம் பொருந்தியது. அந்நிகழ்ச்சியால் உந்தப்பட்டு, அழைத்தவுடன் வரக்கூடிய தொண்டர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை அவர் தம் வீட்டிலே வைத்துக் காக்கத் தொடங்கினார். அறிமுகமில்லாத நோயாளிக்கு, கூலி பெறாமல், சாதாரண மக்களே இரத்தங் கொடுக்கலாம் என்ற ஒழுங்கு இவ்வாறு உருப்பெற்றது.

நம் நாட்டிலும் நிலைமை மாறியிருக்கிறது. என் தமக்கையாரின் காலத்தில் இருந்ததுபோல, நோயாளியின் உறவினரை வரிசையில் நிறுத்தி இரத்தம் பெறும் வழக்கம் படிப்படியாகக் குறைந்தது. 2014ஆம் ஆண்டில், முழுவதும் கூலியற்ற தன்னார்வத் தானத்தையே நம்பி இயங்கும் நிலையை இலங்கையின் தேசிய இரத்தமாற்றுச் சேவை எய்தியது. அண்மைய ஆண்டுகளில், ஆண்டொன்றுக்கு 4 இலட்சத்துக்கும் அதிகமான தானங்கள் கிடைத்து வந்துள்ளன. அவற்றிற் பெரும்பகுதி ஊர்தோறும் நடைபெறும் நடமாடும் முகாம்களிலேயே பெறப்பட்டவை. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். இன்று ஒரு தாய் பிரசவ அறையில் இரத்தமிழக்கும்போது, அவருடைய தம்பி துணிந்தவனா அஞ்சியவனா என்பதைப் பொறுத்து அவர் உயிர் அமைவதில்லை. யாரோ ஒருவர் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கிறார். அந்த யாரோ ஒருவராக நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி.

தேவையும் இடைவிடாதது. கொடுக்கப்பட்ட ஒரு பை இரத்தம் செங்குழியம், குருதிச் சிறுதட்டு, குருதித் திரவவிழையம் என்று பிரிக்கப்பட்டு மூவருக்குப் பயன்படக்கூடும். திரவவிழையத்தை உறையவைத்து ஓராண்டளவும் வைத்திருக்கலாம். செங்குழியங்களைக் குளிரூட்டியில் 5 அல்லது 6 வாரங்கள் வரையே வைத்திருக்கலாம். சிறுதட்டுக்களோ ஏறத்தாழ 5 நாட்களே தாங்கும். ஆகவே ஒரு பெரிய முகாமை நடத்திவிட்டு ஓராண்டு ஓய்ந்திருக்க இயலாது. குருநாகல், அநுராதபுரம், பதுளை முதலிய மாவட்டங்களில் தலசீமியா என்னும் பிறவி நோயுடன் வாழும் பிள்ளைகள் பலர் உளர். அவர்களுடைய உடல் நல்ல செங்குழியங்களைப் போதியளவு ஆக்குவதில்லை. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறருடைய இரத்தத்தைப் பெற்றே அப்பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கின்றனர், விளையாடுகின்றனர். அவர்களுக்கு ஏற்றப்படும் பையின் மேல் இரத்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கும். கொடுத்தவரின் இனமும் மதமும் மொழியும் எழுதப்பட்டிருப்பதில்லை.

இவற்றையெல்லாம் நான் நூல்களிற் கற்றறிந்த பின்னரும் கட்டிலின் பக்கம் சென்றிலேன் என்பதையும் ஒளியாமற் சொல்லவேண்டும். அறிவு அச்சத்தைக் குறைக்கும்; முற்றாக நீக்காது. என்னை நகர்த்தியது ஒரு மாணவனின் கேள்வி. 2023ஆம் ஆண்டில் எங்கள் பாடசாலையில் முகாமுக்கு முதல் நாள், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், 18 வயது நிரம்பியவன், என் அறைக்கு வந்து நின்றான். "சேர், நீங்கள் எத்தனை முறை கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். ஒருமுறையும் இல்லை என்றேன். "பயமா சேர்?" என்றான். அவன் குரலில் ஏளனம் இல்லை. தன் அச்சத்துக்கு ஒரு துணை தேடியே வந்திருந்தான். ஆம் என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்படியென்றால் இரண்டு பேரும் சேர்ந்து போவோம் சேர்" என்றான்.

மறுநாட் காலை இருவரும் வரிசையில் நின்றோம். முதலில் ஒரு படிவத்தை நிரப்பினோம். பின்னர் வைத்திய அதிகாரி ஒருவர் தனியே இருத்தி, முன்னைய நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றை விசாரித்தார். இக்கேள்விகளுக்கு உண்மையே சொல்லுதல் வேண்டும். சொல்வது மறைவாகவே வைத்திருக்கப்படும். நிறையும் குருதியமுக்கமும் பார்க்கப்பட்டன. விரல் நுனியிற் சிறிதாகக் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை, நீலநிறமான செப்புச் சல்பேற்றுக் கரைசலில் விட்டனர். துளி அமிழ்ந்தால் இரத்தத்தில் ஈமோகுளோபின் போதியளவு உண்டு என்பது கருத்து. என் துளி அமிழ்ந்தது. மாணவனின் துளியும் அமிழ்ந்தது. ஆனால் தராசு அவனுக்கு 48 கிலோகிராம் காட்டியது. 50 கிலோகிராமுக்குக் குறைந்தவரிடம் இரத்தம் எடுப்பதில்லையாதலால், அடுத்த ஆண்டு வா தம்பி என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டனர். எனக்குத் துணையாக வந்தவன் வாயிலில் நிற்க, நான் தனியே கட்டிலுக்குச் சென்றேன்.

அங்கேதான் நான் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யாததைச் செய்தேன். தாதியிடம், "மகள், எனக்கு இது முதல் முறை. ஊசியைக் கண்டால் மயங்கக்கூடியவன்" என்று சொன்னேன். அவர் வியக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. "சொன்னது நல்லது சேர்" என்று தலையணையை எடுத்துவிட்டுக் கட்டிலிற் கால் பக்கத்தைச் சற்று உயர்த்தினார். பெரியதொரு குவளை நீர் அருந்தினேனா என்று கேட்டார். கையைப் பார்க்காமல் யன்னலைப் பார்க்கும்படி சொன்னார். பின்னர் ஒரு பயிற்சியையும் கற்பித்தார். கால்களையும் தொடைகளையும் வயிற்றையும் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்தல், பின் மெல்லத் தளர்த்தல், சிறிது பொறுத்து மறுபடியும் இறுக்குதல். ஊசி ஏற்றிய கையை மட்டும் தளர்வாக விடவேண்டும். இறுகிய தசைகள் கால்களிலே தங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அமுக்கம் விழாமற் காக்கின்றன. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரன் ஒஸ்ட் என்பவர் 1980களில் ஆராய்ந்து வகுத்த முறை இது என்பதைப் பின்னர் அறிந்தேன். அச்சத்தைப் போக்க உடலைத் தளர்த்துங்கள் என்று சொல்வதே உலக வழக்கு. ஊசி மயக்கமுடையோர்க்கு அதற்கு எதிரான முறையே பயன் தருகின்றது.

மதுசாரம் தோய்த்த பஞ்சினால் முழங்கை மடிப்பைத் துடைத்தார். ஊசி ஏறும்போது வலித்ததா என்று கேட்பீர்கள். வலித்தது. முள் தைத்தது போன்ற வலி, இரண்டு மூன்று விநாடி. அதன்பின் ஓர் அழுத்தம் மட்டுமே இருந்தது. நான் யன்னலுக்கு வெளியே நின்ற வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு தொடைகளை இறுக்கினேன், தளர்த்தினேன். ஒருமுறை நெற்றி வியர்த்தது, உடனே தாதியை அழைத்துச் சொன்னேன், அவர் என்னை இருமச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார், வியர்வை அடங்கிற்று. ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. முப்பது ஆண்டுகள் நான் அஞ்சியது இந்த எட்டு நிமிடத்துக்கே.

எழுந்தவுடன் ஓடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து, கொடுக்கும் பானத்தையும் சிற்றுண்டியையும் உட்கொள்ளுங்கள். மயக்கம் சில வேளை வெளியே நடந்து போகும்போதுதான் வரும். வருவதாகத் தோன்றினால், வெட்கப்படாமல் அவ்விடத்திலேயே இருந்துவிடுங்கள், இயலுமாயிற் படுத்துவிடுங்கள். அன்று நீரை மிகுதியாக அருந்துங்கள். அந்தக் கையாற் பாரம் தூக்காதீர்கள். கடும் வெயிலில் வயல் வேலைக்கும் போகாதீர்கள். பேருந்து, லொறி முதலியன ஓட்டுவோரும் உயரத்தில் ஏறி வேலை செய்வோரும் ஓய்வு நாளில் வந்து கொடுத்தல் நன்று. போவதற்கு முந்திய இரவு நன்றாக உறங்குங்கள். வெறும் வயிற்றோடு ஒருபோதும் போகாதீர்கள். நோன்பிருக்கும் நாளைத் தவிருங்கள். இயன்றாற் கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இளைஞருக்கும் முதன்முறை கொடுப்போருக்குமே மயக்கம் கூடுதலாக வருகிறதென்பதும், இரண்டாம் மூன்றாம் முறைகளில் அது குறைந்து விடுகிறதென்பதும் அனுபவத்தாற் கண்ட உண்மை.

திருப்பி அனுப்பப்பட்ட அம்மாணவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் முகம் வாடிப்போயிருந்தது. ஏலாது என்று சொல்லப்படுவது அவமானமன்று. கொடுப்பவரின் நலத்தைக் காப்பதற்கே அவ்விதிகள் உள. 18 வயதுக்குக் குறைந்தோர், 60 வயதைக் கடந்தோர், கருவுற்றிருப்போர், பாலூட்டும் தாய்மார், அண்மையில் நோயுற்றிருந்தோர் ஆகியோர் கொடுத்தற்கில்லை. ஈமோகுளோபின் குறைந்தவருக்கு, அது குறைந்திருக்கிறதென்ற செய்தியே பெரும் உதவியாகும். முருங்கையிலை, கீரை, பயறு, மீன், ஈரல் முதலியவற்றை உணவிற் சேர்த்து, கீரைக்குத் தேசிக்காய் பிழிந்து, உணவோடு தேநீர் அருந்தும் வழக்கத்தை விட்டால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். வைத்தியரையும் கண்டு கொள்ளல் வேண்டும். அம்மாணவன் மறு ஆண்டு 52 கிலோகிராம் நிறையோடு வந்து இரத்தங் கொடுத்தான். அன்று வாயிலில் நின்றவன் நான்.

முதல் தானம் முடிந்த அன்று மாலை தமக்கையாரின் வீட்டுக்குச் சென்றேன். அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அன்று பிறந்த மருமகள் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். கையில் ஒட்டியிருந்த சிறு பஞ்சைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். 1993இல் நடந்ததையும் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அக்கா சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டு, "தேத்தண்ணி வாங்கப் போனவன் இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கிறாய் தம்பி" என்றார். அவர் எல்லாம் அறிந்தேயிருந்தார்.

அதன்பின் நான் 4 முறை கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை சற்றே குளிர்கிறது. ஒவ்வொரு முறையும் தாதியிடம் அதைச் சொல்கிறேன். 60 வயதுக்குப் பின் கொடுக்க முடியாதாதலால், எனக்கு இனி எஞ்சியிருப்பவை சில ஆண்டுகளே. ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்திருந்தாலும் அந்த முப்பது ஆண்டுகளில் 30 பைகள் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பார்த்து வருந்துவதுண்டு. நேயர்களே, உங்களுட் பலர் இளைஞர். உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். அச்சம் முழுவதும் நீங்கட்டும், பிறகு கொடுப்போம் என்று காத்திராதீர்கள். அது தானாக நீங்குவதில்லை. அச்சத்தை மறைக்கவும் வேண்டாம். அடுத்த முகாமுக்கு நன்றாக உண்டு, நீர் அருந்தி, அச்சத்தையும் கூட்டிக்கொண்டே செல்லுங்கள். அங்கேயுள்ள தாதியிடம், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற மூன்று சொற்களைச் சொல்லிவிடுங்கள். எஞ்சியதை அவர் பார்த்துக்கொள்வார்.